இனிமே துணிப்பைதான்

ஜவுளிக்கடை முதலாளி இசக்கிமுத்துவின் குரல் கேட்டதும், அமீனா பீ வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அதுவரை வாசலில் நின்றவரை யாரோ எவரோ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபம் இருக்காதா பின்னே என்று நினைத்துக்கொண்டார் அவர்.

"இன்னா மொதலாளி, மாம்பலம் சந்து வரிக்கும் நீங்களே வந்துகீறீங்க? உள்ள வாங்க."

உஸ்மான் ரோட்டில் கடை திறந்த நாளிலிருந்து மஞ்சள் துணிப்பை தைத்துக் கொடுத்தவள் அவள். இந்தத் தீபாவளிக்கு அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பிளாஸ்டிக் பைக்கு மாறியவர் இவர். விலை மலிவு, பார்க்கப் பளபளப்பு, எதிர்க்கடைக்காரனும் கொடுக்கிறான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமாதானமெல்லாம் நேற்றைய மழையோடு போயிற்று. கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீர். குத்திக் கிளறி எடுத்தால், அத்தனையும் அவர் கடைப் பெயர் போட்ட பைகள்! தெருவே வேடிக்கை பார்த்தது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கையில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, சூடு பட்டுச்சு."

விரல் நுனியெல்லாம் கொப்புளம். தையல் மிஷின் இருந்த மூலையில் இப்போது தண்ணீர்க் குடம் இருந்தது. மிஷினை விற்றுவிட்டு யார் வீட்டு அடுப்படியிலோ வேகிறாள் போலிருக்கிறது. பாவி, எல்லாம் உன்னால்தான் என்று அவர் மனம் குறுகுறுத்தது.

"தப்புப் பண்ணிட்டேம்மா. ஒம் பொழப்புலயும் மண்ணைப் போட்டேன், ஊர்ச் சாக்கடையையும் அடைச்சு வச்சேன். காலையில கிண்டிக்குப் போயி, இனிமே ஒரு பிளாஸ்டிக் பைகூட வேண்டாம்னு கம்பெனிக்காரன்ட்ட சொல்லிட்டு நேரா இங்கதான் வாரேன். இனிமே நம்ம கடையில துணிப்பைதான். மிஷினும் நானே வாங்கித் தாரேன்."

அமீனா பீயின் கண் கலங்கியது. சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவருக்கு மனசு லேசாக இருந்தது.

"மிஷின் இன்னாத்துக்கு மொதலாளி? கண்ணுல பூ வியுந்து, ஊசில நூல் கோக்க முடியாமதான் அத்த வித்தேன்."

"அப்ப இந்தச் சூடு?"

"கிண்டி கம்பெனில உங்க கடை பிளாஸ்டிக் பைக்கு சூடு வச்சு ஓரம் ஒட்டத்தான் மொதலாளி என்னிய வேலைக்கு எடுத்தாங்க."