வரைபடத்தில் ஒட்டிய சொல்

ஏலப்பாறைக்கு மேலே ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரி. ஜன்னலில் மழை வழிகிறது. கோயம்புத்தூர்க் கம்ப்யூட்டர் அச்சடித்து அனுப்பிய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருக்கிறாள் புள்ளிவிவர எழுத்தர் ராமலட்சுமி. குறுக்கே மாதங்கள், நெடுக்கே வயது, நடுவில் முப்பத்தொரு நட்சத்திரக் குறிகள். ஒவ்வொன்றும் 1976இல் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் செத்துப்போன ஒரு குழந்தை. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரம் வெறும் எண்ணைப் போட்டிருக்கிறது. அதன்மேல் ‘குழந்தை இறப்பு’ என்று தட்டச்சடித்த துண்டை ஒட்டியிருக்கிறாள். பசை இன்னும் காயவில்லை.

“அதைக் கிழிச்சுடு,” என்கிறார் பின்னால் வந்து நிற்கும் மேலாளர் யக்ஞநாராயணன். “‘பதிவு நீக்கம்’னு ஒட்டு. மேலிடத்துக்குப் போறது.”

“செத்தது குழந்தைகளாச்சே, ஸார்.”

“நேக்குத் தெரியாதா? ஒட்டு.”

அவள் ஒட்டுகிறாள். தரை துடைத்துக்கொண்டிருந்த சின்னத்தாயி, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்து வருகிறாள். “ஏம்மா, எம்மவளும் இதுல இருக்காளா?”

ராமலட்சுமியின் விரல் ஜூலைக்கு நேரே, எட்டு மாத உயரத்தில் போய் நிற்கிறது. சின்னத்தாயி குனிந்து, தொடாமல் பார்க்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“மேல என்னம்மா எழுதியிருக்கு?”

யக்ஞநாராயணன் இன்னும் போகவில்லை. ராமலட்சுமி ஒட்டிய துண்டின் ஓரத்தை விரலால் அழுத்துகிறாள். “குழந்தைகள்னு எழுதியிருக்கு,” என்கிறாள்.

“கோணாம அழகா ஒட்டியிருக்கீங்கம்மா,” என்று சொல்லிவிட்டு, சின்னத்தாயி மறுபடி தரையில் உட்கார்ந்து துணியைப் பிழிகிறாள்.