கம்பி வலைக்கு வெளியே

பாலக்கரை இரும்புப் பட்டறையில் ஸ்டோர் காவலுக்குச் சேர்ந்த அன்றே சின்னையன் மேனேஜர் தேசிகனிடம் போய் நின்றான்.

"ஸ்டோரைச் சுத்தி, கூரை வரைக்கும் கம்பி வலை அடிக்கணுங்க."

"ஏன், செங்கல் சுவர் போதாதா?"

"சுவருன்னா உள்ள இருக்கறதை மறைச்சுடும்ங்க. வலைன்னா உள்ள சாமான் இருக்கறது எல்லாருக்கும் தெரியும். சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

தேசிகன் முகம் சுருங்கியது. "எல்லாரும் பத்து வருஷமா இங்க இருக்கறவா. யாரைச் சந்தேகப்படறே?"

"அவங்களை இல்லைங்க."

வேலை போனாலும் சரி, சொல்லிவிடுவது என்று சின்னையன் காலையிலேயே தீர்மானித்திருந்தான்.

"போன மாசம்தான் ஜெயில்லேர்ந்து வந்தேன். திருட்டுக் கேஸுங்க. நாளைக்கு ஒரு போல்ட்டு காணோம்னாலும் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க."

தேசிகன் மேஜையிலிருந்த அளவு டேப்பை எடுத்து, அதன் நுனியைச் சின்னையனிடம் நீட்டினார்.

"பிடி, அளந்துடலாம்."