சுவரோர சீட்

அரியலூரில் அந்தப் படம் நான்காவது வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. நன்றாக இருந்ததால் அல்ல. பெரம்பலூரிலிருந்து வர வேண்டிய அடுத்த படப்பெட்டி வந்து சேராததால்.

படத்தில், பெண்டாட்டியைக் கொன்று கோணியில் கட்டிய ஒருவன், புதைக்க இடம் கிடைக்காமல் டவுன் பஸ்ஸிலேயே சுற்றுகிறான். கண்டக்டர் கோணிக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கிறார். காமெடிப் படமாம்! ஆண்கள் பக்கத்தில் சிரித்த ஒரே ஆள் கொத்தனார் வைரக்கண்ணுதான்.

தினமும் மேட்டினிக்கு வந்துவிடுவான். தியேட்டரே காலியாகக் கிடந்தாலும், பெண்கள் பகுதியைப் பிரிக்கிற நடுச்சுவரை ஒட்டித்தான் உட்காருவான். கண்ணை மூடிக்கொள்வான். கோணி வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். கடைசியில் கதாநாயகனைத் தூக்கில் போடும்போது அவனுக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு வரும்.

தியேட்டர் மேனேஜர் முருகையனுக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தார். வைரக்கண்ணுவின் மனைவி பாப்பாயியை ஒரு மாதமாகத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. வீட்டுக் கொல்லையில் புதிதாக ஒரு சிமெண்ட் தளம் வேறு. முருகையன் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

சப்-இன்ஸ்பெக்டர் பெரியசாமி மப்டியில் வந்து, இருட்டில் வைரக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொண்டாட்டி எங்கய்யா?"

"சண்ட போட்டுக்கிட்டுப் போயிட்டா சார்."

"எங்க போனா?"

வைரக்கண்ணு இன்னும் கொஞ்சம் சுவரோரம் நகர்ந்தான்.

"கொல்லையில என்ன கட்டியிருக்க?"

"தொவைக்கிற கல்லுங்க. ரொம்ப நாளாக் கேட்டா. இருந்தப்ப போட்டுக் குடுக்கல."

பெரியசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்புறம் இந்தக் கருமத்தத் தெனம் வந்து என்னத்தடா பாக்குற?"

"பாக்கறதில்ல சார், சிரிப்பக் கேக்கறேன். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நான் இங்க இருக்கறது தெரிஞ்சுடப் போவுது."

"யாருக்கு?"

வைரக்கண்ணு உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். இவன் பைத்தியம் பிடித்த கொலைகாரன்தான் என்று முடிவுகட்டி, விலங்கை மாட்டினார் பெரியசாமி.

"ஆபரேட்டர்! படத்த நிறுத்து! லைட்டப் போடு!"

கதாநாயகன் தூக்குமேடைப் படியில் கால் வைத்த இடத்தில் படம் நின்றது.

"ஐயோ சார், காரியத்தக் கெடுத்துட்டீங்களே! இனிமே அவ வரவே மாட்டா!" என்று வைரக்கண்ணு சுவருக்குக் கீழே பதுங்கினான்.

சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியிலிருந்து, கொலையுண்ட பாப்பாயி கத்தினாள்: "எந்த எடுபட்ட பயடா படத்த நிறுத்துனது? புருசன்காரனத் தூக்குல போடுறதப் பாக்கத்தானே நான் தெனம் வரேன்!"