விரல் நீள ஸ்பேனர்

“எண்ணிப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?” என்று மேலாளர் கத்தினார்.

வயதான மெக்கானிக் கருவிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே கறுப்பு மை தீட்டியிருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரின் இடம் மட்டும் பல் விழுந்த வாய்போல இளித்தது.

பக்கத்தில் நின்ற பெண் விமானிக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. பெரிய விமானங்களில் பதினான்கு வருஷம் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்துவிட்டு, இந்தச் சின்ன விமானத்தில் வானத்தில் குட்டிக்கரணம் போட வந்தவள். காலையில் அவரோடு சேர்ந்து இன்ஜினைப் பூட்டியவளும் அவள்தான். வெளியே அவளைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது.

“விரல் நீள ஸ்பேனருக்காக நிகழ்ச்சியை நிறுத்தணுமா?”

“உள்ளே கிடந்தா, தலைகீழாப் புரளும்போது எங்கே போய் விழும்னு யாருக்கும் தெரியாது சார். கட்டுப்பாட்டுக் கம்பியில சிக்கினா நேரே தரைதான். கணக்கு சரியா வராம பறக்கவே கூடாது.” அவள் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

இருக்கை, தரைத்தகடு, வால் மூடி எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டியாயிற்று. அவளும் டார்ச்சோடு நொண்டி நொண்டி விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

“உட்காருங்க மேடம். தேடித் தேடி உங்க காலே தேஞ்சுபோச்சு” என்றார் மெக்கானிக். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் ரத்து என்று அறிவித்தார்கள். கூட்டம் ஊளையிட்டது விமானக் கொட்டகை வரைக்கும் கேட்டது.

“யார் தப்பு இது? இப்பவே தெரிஞ்சாகணும்!”

அவள் வாயைத் திறந்தாள்.

“என் தப்புதான் சார். சரியா எண்ணலை” என்றார் மெக்கானிக்.

“இருபத்தாறு வருஷ சர்வீஸ், வெட்கமா இல்லை? நாளையிலேர்ந்து வராதீங்க!” மேலாளர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மெக்கானிக் கிழிசல் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“அண்ணே, நான் அவர்கிட்ட பேசறேன். உங்க மேல தப்பே இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும் தங்கச்சி?”

அவள் வலித்த காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

“போன வாரம் மேலே புரளும்போது உனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு. இறங்கினதும் கார் சாவியைத் துளையில நுழைக்க முடியாம நாலு தடவை தடவினே. நான் பார்க்கலைன்னு நினைச்சியா?”

“டாக்டர்கிட்ட சொன்னா இனிமே ஆயுசுக்கும் பறக்க விடமாட்டாங்கண்ணே.”

“அதுக்காக இன்னிக்கும் ஏறிடுவியோன்னு எனக்கு உசிரே இல்லை. வேலைதானே, போனாப் போகுது. நீ முழுசா நிக்கறே, அது போதும். நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்கிட்ட போ.”

“போறேன். ஆனா ஸ்பேனர் விஷயத்துல நீங்க ஏண்ணே...”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

“முதல்ல பூட்ஸைக் கழட்டி அதை எடும்மா, கால் வீங்கிடப்போகுது.”