நழுவாத எண்ணெய்

மச்சான் காணாமல் போய்த் தொண்ணூற்றாறு மணி நேரம் ஆகியிருந்தது. அதில் விழித்திருந்த நேரமெல்லாம் முதலாளி அவனைத் திருடன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்கத்திலும் சொன்னாரா என்பது மனைவிக்குத்தான் தெரியும். தம்பியைக் காணாத அந்த நான்கு நாளும் அவள்தான் தூங்கவில்லையே.

“கியர் ஆயிலை டின் டின்னாக் கடத்தியிருக்கான். கையும் களவுமாப் பிடிச்சேன். ஓடிட்டான்.”

காவல் நிலையத்தில் அவர் கொடுத்த புகாரின் சாரம் இவ்வளவுதான். எவ்வளவு ஆயில் என்று கேட்டார்கள். ஐந்நூறு லிட்டர் என்றார். ஆயிரம் என்றால் நம்ப மாட்டார்கள். நூறு என்றால், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். ஐந்நூறு மரியாதையான தொகை.

புகார் கொடுத்தால் போலீஸ் பேருந்து நிலையம், ரயில் நிலையம் என்று எங்கெங்கோ போய்த் தேடும் என்று அவர் எதிர்பார்த்தார். இன்ஸ்பெக்டரோ நேரே தொழிற்சாலைக்கு வந்து நின்றார். கூடவே, ஒரு கையில் பையும் மறு கையில் கைக்குட்டையுமாக, ஜலதோஷம் பிடித்த ஒரு மீட்டர்காரர்.

“ஐந்நூறு லிட்டர்னு எதை வச்சுச் சொன்னீங்க?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அனுபவம்தான் சார்.”

“அனுபவத்தைக் கூண்டுல ஏத்தி விசாரிக்க முடியாதே. அதான், அளந்தே பாத்துடலாம்னு இவரைக் கூட்டிட்டு வந்தேன்.”

வேறு வழியில்லாமல் முதலாளி அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

கொட்டகையின் மூலையில் எண்ணெய்த் தொட்டி ஒடுங்கலாக, இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே போகும் குழாயில் ஒரு மீட்டர். வெளியே வரும் குழாயில் ஒரு மீட்டர்.

“மீட்டரை நம்பாதீங்க சார்,” என்றார் முதலாளி. “இது தண்ணி இல்ல. இன்னைக்குச் சாய்ச்சா நாளைக்குத்தான் விழும். இவ்வளவு கெட்டியா இருக்கறதை எந்த மீட்டர் ஒழுங்கா அளக்கும்?”

பெற்ற பிள்ளையை யாரோ மக்கு என்று சொன்னதுபோல மீட்டர்காரரின் முகம் மாறியது.

“தண்ணி மீட்டர்னு நினைச்சீங்களா? இதுக்குள்ள முட்டை வடிவத்துல ரெண்டு பல்சக்கரம் இருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டம்ளர் ஆயிலைப் பிடிச்சு அந்தப் பக்கம் தள்ளும். சுத்தை எண்ணினா லிட்டர் வந்துடும். படியால அளந்து கொட்டற மாதிரிதான். தண்ணி மாதிரி இருந்தாத்தான் சக்கரத்து இடுக்குல நழுவி, கணக்குல வராம ஓடும். கெட்டியாக ஆக நழுவவே நழுவாது. உங்க ஆயில் இந்த மீட்டருக்குன்னே பிறந்தது சார்.”

“அப்படியா,” என்றார் முதலாளி.

“இத்தனை வருஷமா வச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?”

“மீட்டரெல்லாம் மச்சான்தான் பாத்துக்கிட்டிருந்தான்.”

“திருடன் கையில மீட்டரைக் குடுத்துட்டு நிம்மதியா இருந்தீங்களாக்கும்!” வாசற்படியில் நின்ற மனைவியின் குரல்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். “தொழில்ல உங்க தம்பிக்கும் பங்கு உண்டாம்மா?”

“சரிபாதி.”

முதலாளி இடையில் புகுந்தார். “புகாரை வேணும்னா வாபஸ் வாங்கிக்கறேன் சார். என்ன இருந்தாலும் பெண்டாட்டி கூடப் பிறந்தவன்.”

இன்ஸ்பெக்டர் புன்னகைத்தார். சரக்கைத் தானே விற்றுத் தின்றுவிட்டுப் பங்காளி மேல் பழி போடுகிறவர்களுக்கென்றே அவர் வைத்திருந்த புன்னகை அது.

“முதல்ல அளந்துடலாம் சார். பாசம் எங்க போயிடப் போகுது?”

மீட்டர்காரர் இருபது லிட்டர் கலத்தில் எண்ணெயைப் பிடித்தார். மீட்டரும் இருபது என்றது. அதே எண்ணெயை அடுத்த மீட்டர் வழியாகத் தொட்டிக்கே திருப்பி அனுப்பினார். அதுவும் இருபது. இதுவரை மீட்டர் வழியாக உள்ளே போன மொத்தத்தில் வெளியே வந்த மொத்தத்தைக் கழித்தார். பிறகு ஏணியில் ஏறி, மேலிருந்த சின்னத் துளை வழியாக அளவுகோலை விட்டு மட்டம் பார்த்தார். இறங்கினார். மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி ஏறிப் பார்த்தார்.

“எவ்வளவு குறையுது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“குறையலயே சார். ஒரு சொட்டுகூடத் திருட்டுப் போகல.”

முதலாளியின் மனைவி ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. “கேட்டீங்களா? என் தம்பி திருடன் இல்ல! ஊரெல்லாம் சொன்னீங்களே, கேட்டீங்களா?”

“கேட்டேன், கேட்டேன்.” முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இரண்டு நாள் தாடிக்குள் முதல் முறையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. “என் தப்புதான். திருட்டே இல்லேன்னா கேஸும் இல்ல. டீ சாப்பிட்டுட்டுப் போலாம், வாங்க சார்.”

“ஒரு நிமிஷம்,” என்றார் மீட்டர்காரர். “கணக்கு இன்னும் இடிக்குது. இருக்க வேண்டியதைவிட மட்டம் மேல இருக்கு.”

“ஆயில் குட்டி போட்டிருக்கும்,” என்றார் முதலாளி. யாரும் சிரிக்கவில்லை.

“ஆயில் கூடல சார். மீட்டர் வழியா வராத ஏதோ ஒண்ணு, மேல் மூடி வழியா உள்ள போயிருக்கு. அது அடியில உக்காந்துக்கிட்டு ஆயிலை மேல தள்ளியிருக்கு.”

“எவ்வளவு தள்ளியிருக்கு?”

“எழுபது லிட்டர்.”

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார். கான்ஸ்டபிள் முதலாளிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு இன்ஸ்பெக்டர் அந்த அம்மாளிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உங்க தம்பி எடை எவ்வளவும்மா இருக்கும்?”

ஒருவழியாகத் தம்பியைத் தேடக் கிளம்பிவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

“எழுபது கிலோ சார்.”