விசிறி நின்ற பிறகும்

மெக்கானிக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைக்கிறார். ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவு வழியே விழும் மதிய வெயிலில், உள்ளே அப்பியிருக்கும் தூசி பழைய பஞ்சு போலத் தெரிகிறது. கரகரவென்று ஓயாத சத்தம். பக்கத்தில் நிற்கும் போட்டோகிராபர் கைக்குட்டையைக் கசக்குகிறாள். போன ஞாயிறு எடுத்த கல்யாணப் படங்கள் மொத்தமும் இதற்குள்தான் இருக்கின்றன. கேமரா கார்டுகளை அடுத்த வேலைக்காக மறுநாளே அழித்துவிட்டாள். "ஒரு வாரமா இந்த விசிறி இப்படித்தாண்ணே கத்துது. நாலு தட்டு தட்டினா அடங்கிடும்." "பலமாவா தட்டுவீங்க?" "சொன்ன பேச்சு கேக்கலேன்னா எங்க வீட்டுக்காரருக்கும் அதே வைத்தியம்தான்" என்று சிரிக்கிறாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, பிரஷால் தூசியைத் துடைத்து, மறுபடி போடுகிறார்; சத்தம் குறையவில்லை. பென்சிலின் ரப்பர் முனையை விசிறியின் நடுவில் மெல்ல அழுத்துகிறார். இறக்கைகள் தயங்கித் தள்ளாடி நிற்கின்றன. சத்தம் நிற்கவில்லை. அது இன்னும் கீழேயிருந்து, படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறது. பென்சிலை எடுத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்துகிறார். "தங்கச்சி, இனிமே இதைத் தட்டவே தட்டாதீங்க. படமெல்லாம் வேற எங்கயாவது காப்பி இருக்கா?" அவள் வாய் திறப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறக்கிறது. மணப்பெண்ணின் அப்பா வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். "என்னம்மா, எங்க பாப்பா படமெல்லாம் ரெடியா?"