படத்தில் ஆள் இல்லை

“ஆள் இரிக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க மச்சான்” என்றார் ஸைனுலாப்தீன் போடியார். அவருக்கு முன்னால் வைத்த தேத்தண்ணி தொடாமலே ஆறிக் கொண்டிருந்தது.

மருதமுனையில் தறி வைத்து நெசவு செய்யும் மீராசாவின் வீடு அது. மகன் ஹஸன் கீறிய அந்தப் படத்தை அவரே இன்னும் கண்ணால் காணவில்லை.

எல்லாம் பேப்பரில் வந்த ஒரு பத்தியால் வந்த வினை. கொழும்புச் சித்திரக் கல்லூரியைப் பற்றிய செய்தி அது. அங்கே படித்த ஒருவர் மேற்படிப்புக்குப் பம்பாய் போகிறார், இரண்டு பேருக்கு ஆசிரிய நியமனம் கிடைத்திருக்கிறது, வருடாந்தக் கண்காட்சியில் முதற்பரிசு மருதமுனை ஹஸனுக்கு. கல்முனைச் சந்தையில் போடியாரைக் கண்டவர்களெல்லாம் வருங்கால மருமகனுக்காக அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். போடியாரும் சிரித்து வைத்தார். ஆனால், பரிசு வாங்குகிற படமென்றால் அதில் கட்டாயம் ஓர் ஆள் இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட, சந்தையிலிருந்து நேரே மீராசா வீட்டுக்கு வந்துவிட்டார்.

கல்லோயா வாய்க்கால் தண்ணீர் வந்த பிறகு இரண்டு போகமும் விளைகிற வயல்காரர் அவர். சாய்ந்தமருதில் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காரும் அவரே. ஊர் வாய்க்கு வேறு பயப்பட வேண்டியிருந்தது.

“எங்கட மகள் கமீலாவ ஹஸனுக்குத் தாறண்டு வாக்குக் குடுத்தது நான்தான். இல்லண்டு சொல்லல்ல” என்றார் போடியார். “ஆனா கலியாணம் முடிஞ்சா மாப்புள்ள எங்கட வீட்டுக்குத்தானே வரப்போறார். அவர்ர பெட்டியோட படமும் வரும். தொழுற வீட்டுச் சுவர்ல ஆள் படம் மாட்ட ஏலுமா? ஆள் இரிந்தா இந்தக் கதைய இத்தோட விட்டிருவம்.”

இந்தப் பக்கத்து மாப்பிள்ளைமார் பெண் வீட்டில்தான் குடியிருக்கப் போவார்கள். ஆகவே போடியாரின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. மீராசா தறிப் பக்கம் பார்த்தபடி பெருமூச்சு விட்டார். மகன் வாங்கிய பரிசைக் கொண்டாடுவதா, போகப்போகிற சம்பந்தத்தை நினைத்து அழுவதா என்று அவருக்கு விளங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மட்டக்களப்பு பஸ்ஸில் வந்து இறங்கினான் ஹஸன். உடுத்துப் பழசான சாரனால் சுற்றிய படம் கக்கத்தில் இருந்தது. வாசலில் மாமனாரின் செருப்பைக் கண்டதும் அவன் கால் பின்வாங்கியது. ஆனாலும் உள்ளே வந்து ஸலாம் சொன்னான். விஷயத்தை வாப்பா சொல்லி முடித்தபோது அவனுடைய முகம் வெளிறிப் போயிருந்தது.

“நீங்களே பாருங்க மாமா” என்று மட்டும் சொல்லி, சாரனை அவிழ்த்துப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

போடியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிலத்தில் குந்தினார். படத்தில் ஒரு வீட்டு முன்மண்டபம். உள்ளறைக்குப் போகும் வாசலில் ஒரு திரை. சீமெந்துத் தரையில் வெயில் விழுந்திருந்தது. வெற்றிலை வட்டா ஒன்று தனியாகக் கிடந்தது. அவர் நாலு மூலையையும் துழாவினார். திரையின் கீழே யாருடைய காலாவது தெரிகிறதா என்று பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் மூக்கு முட்டக் குனிந்து ஹஸனிடம் என்னவோ கேட்டார். ஹஸன் மெல்லிய குரலில் பதில் சொன்னான்.

போடியார் எழும்பியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

“இது எங்கட வீட்டுத் திரை மச்சான். உங்கட தறியில நெய்ஞ்சு தந்ததுதானே. பெருநாளுக்கு வந்த அண்டு உங்கட மகன் அங்க இங்க திரும்பல்ல. இந்தத் திரையவே பாத்துக்கிட்டு இரிந்தார். என்ன அடக்கமான புள்ளயெண்டு நான் அண்டே நினைச்சன்.”

ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார். வாற மாதமே நிக்காஹ் என்றார். படத்தைத் தன் வீட்டு மண்டபத்தில்தான் மாட்ட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். மீராசா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி மருமகள் வீட்டார் எல்லோருக்கும் சாரனும் சேலையும் நெய்யக் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

சாய்ந்தமருதுக்குத் திரும்பிய போடியார் சால்வையைக் கழற்றாமலே மனைவி சபூறாவைக் கூப்பிட்டார். கல்யாணப் பேச்சென்றால் கமீலா முன்னால் வரமாட்டாள். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

“ஒரு ஆளும் இல்ல புள்ள. நம்மட இந்தத் திரைதான். சாம்பிராணி நெருப்புப் பட்ட ஓட்டையக்கூட விடாமக் கீறியிரிக்கார். ஓட்டைக்குள்ள மட்டும் கறுப்பா ஒரு பொட்டு, சுத்திவர வெள்ள. கொழும்புல எல்லாரும் அதத்தான் கிட்டப் போய்ப் பாத்தாங்களாம். என்னண்டு கேட்டன். அங்கருந்துதான் எனக்கு வெளிச்சம் வந்திச்சி மாமா எண்டார்.”

சபூறாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெருநாளுக்கு முன்பிருந்தே அந்த ஓட்டையைத் தைக்கச் சொல்லியும் மகள் ஊசி இல்லை, நூல் இல்லை என்று சாட்டுச் சொல்லியே கடத்துவதாக முறையிட்டாள்.

“தைக்கப்படாது. பரிசு வாங்கின ஓட்டை அது” என்ற போடியார், திரைப் பக்கம் திரும்பி, “சரிதானே மகள்?” என்று கேட்டார்.

திரைக்குப் பின்னால் நின்ற கமீலா, ஓட்டையில் வைத்திருந்த கண்ணைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.